தந்தை சென்ற தடம்

தான் காணாத ஒன்றை ஒருவன் நினைவுகூர முடியுமா? நேர்ப்பொருளில் பார்த்தால் முடியாது என்றே சொல்ல வேண்டும். கண்டதும் கேட்டதும் பட்டதுமே நினைவாக மனத்தில் தங்குகின்றன. பாட்டன் பட்ட பசி பேரனின் வயிற்றைச் சுடுவதில்லை. ஆயினும் யூத மக்களின் மரபு இந்த எளிய கணக்கை ஏற்றுக்கொள்வதில்லை. பாஸ்கா இரவில் குடும்பம் முழுவதும் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, வீட்டின் இளைய பிள்ளை இந்த இரவின் சிறப்பு என்ன என்று கேட்கும். தந்தை விடை சொல்வார். அவர் சொல்லும் வரலாற்றில் ‘அவர்கள்’ என்ற சொல்லைவிட ‘நாம்’ என்ற சொல்லே ஓங்கி நிற்கும். ஒவ்வொரு தலைமுறையும் தானே எகிப்தின் அடிமைத்தளையை விட்டுப் புறப்பட்டதாக எண்ண வேண்டும் என்பது அந்த மேசையின் சட்டம்.

இச்சட்டம் நமக்கும் அயலானது அன்று. மேலறையின் இராவுணவில் நம்மில் எவரும் அமர்ந்திருந்ததில்லை. ஆயினும் தம் நினைவாக அதைச் செய்யும்படி ஆண்டவர் பணித்ததால் ஒவ்வொரு திருப்பலியிலும் அந்த இரவை நினைவுகூர்கிறோம். காணாததை நினைவுகூருதல் என்பது நம் விசுவாச வாழ்வின் நடுநாயகமாகவே இருக்கிறது.

ஆனால் கேட்பதற்குப் பிள்ளை இருந்து, விடை சொல்வதற்குத் தந்தை இல்லாமற்போனால் என்ன செய்வது? இருபதாம் நூற்றாண்டு, ஐரோப்பாவின் எண்ணற்ற யூத இல்லங்களில், அந்த மேசையிலிருந்து தந்தையை எழுப்பிக் கொண்டுபோயிற்று. சில இல்லங்களில் மேசையே இல்லாமற்போயிற்று. எஞ்சிய பிள்ளைகளுக்கு மிஞ்சியவை ஒரு பெயர், ஒரு தேதி, கிடைத்தால் ஒரு நிழற்படம். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தந்தை சென்ற வழியே திரும்ப நடந்த ஒரு மகனின் வாழ்வு, நினைவைப் பற்றியும் நீதியைப் பற்றியும் நமக்குச் சில கேள்விகளை எழுப்புகிறது. அவர் பெயர் செர்ஜ் கிளார்ஸ்பெல்ட்.

நீஸ் நகரின் ஓர் இரவு

ருமேனிய நாட்டிலிருந்து பிரான்சுக்கு வந்து குடியேறிய யூதக் குடும்பம் அது. தந்தை ஆர்னோ கிளார்ஸ்பெல்ட், 1939-இல் போர் மூண்டபோது தாமாக முன்வந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகிப் பின்னர் தப்பி வந்தார். குடும்பம் நாட்டின் தென்கோடியில் உள்ள நீஸ் நகரில் அடைக்கலம் தேடியது. அப்பகுதி 1942 நவம்பர் முதல் இத்தாலியப் படையின் பிடியில் இருந்தது. இத்தாலிய அதிகாரிகள் யூதரை வேட்டையாட இசையவில்லை. எனவே ஏறத்தாழ பத்து மாத காலம் அங்கே ஓரளவு அமைதி நிலவியது. 1943 செப்டம்பர் 8-ஆம் நாள் இத்தாலி போரிலிருந்து விலகிய செய்தி வந்ததும் அந்த அமைதி குலைந்தது. ஜெர்மானியர் நகருக்குள் நுழைந்தனர். அலோயிஸ் புருன்னர் என்ற நாத்சி அதிகாரி இரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தங்கும் விடுதியில் அலுவலகம் அமைத்துத் தெருத்தெருவாக வேட்டையைத் தொடங்கினார்.

ஆர்னோ தம் வீட்டின் அலமாரிக்குள் மெல்லிய பலகையால் ஒரு பொய்ச்சுவர் அமைத்திருந்தார். செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு அவர்கள் வந்தபோது மனைவியும் மகளும் எட்டு வயது மகன் செர்ஜும் அந்தப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டனர். அடுத்த வீட்டில் அடிபடும் பிள்ளைகளின் அலறல் அவர்களுக்குக் கேட்டது. நால்வரும் ஒளிந்திருக்க இயலும். ஆனால் படுக்கைகளில் ஆள் இருந்த தடயம் உள்ள வீட்டில் எவரும் இல்லையென்றால் தேடுதல் கடுமையாகும். தந்தை தாமே கதவைத் திறந்தார். வீட்டில் பூச்சி மருந்து அடிப்பதற்காக மனைவி மக்களைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வந்தவர்கள் அலமாரியைத் திறந்தனர், தொங்கிய துணிகளை ஒதுக்கினர், பலகையைத் தொடவில்லை. ஆர்னோவை அழைத்துச் சென்றனர். மகன் தன் தந்தையின் குரலைக் கேட்டது அதுவே கடைசி.

நீஸிலிருந்து பாரிஸின் புறநகரான திரான்சிக்கு அவர் கொண்டுபோகப்பட்டார். முழுமை பெறாத ஒரு குடியிருப்புக் கட்டடத்தையே அங்கே சிறைமுகாமாக மாற்றியிருந்தனர். பிரான்சிலிருந்து நாடு கடத்தப்பட்ட யூதரில் பெரும்பாலோர் அந்த முற்றத்தைக் கடந்தே சென்றனர். அக்டோபர் 28-ஆம் நாள், ஏறத்தாழ ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 61-ஆம் தொடர்வண்டியில் ஆர்னோவும் இருந்தார். வண்டி சென்று நின்ற இடம் ஆஷ்விட்ஸ். அங்கே தம்மை அடித்த கண்காணிக் கைதியை அவர் திருப்பி அடித்தார் என்றும், அதற்குத் தண்டனையாக நிலக்கரிச் சுரங்க முகாமுக்கு அனுப்பப்பட்டார் என்றும், பிழைத்து வந்த ஒருவர் வாயிலாகக் குடும்பம் பின்னாளில் அறிந்தது. அவர் திரும்பவில்லை.

மகனின் பயணம்

1965-ஆம் ஆண்டு, முப்பது வயதை எட்டிய செர்ஜ் தம் தந்தை சென்ற தடத்தைத் தேடி ஆஷ்விட்ஸுக்குப் போனார். அன்று போலந்து பொதுவுடைமை ஆட்சியில் இருந்தது. மேலைநாடுகளிலிருந்து அங்கே வருவோர் மிகச் சிலரே. அவருக்குப் படிப்பு இருந்தது, வேலை இருந்தது, மணமாகி வீடும் இருந்தது. போரை மறந்து வாழ்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்தப் பயணத்துக்குப் பிறகு அவரால் அப்படி வாழ இயலவில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தந்தை சென்ற வழியில் மகன் செல்வதால் என்ன கிடைக்கிறது? ஊர்கள் அவையே, தண்டவாளங்கள் அவையே. ஆனால் தந்தை பூட்டிய சரக்குப் பெட்டியில் சென்றார். மகன் சன்னலோரத்து இருக்கையில் அமர்ந்து செல்கிறார். தந்தைக்குப் போய்ச் சேரும் இடம் தெரியாது. மகனுக்கு அது முன்கூட்டியே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மகனின் சட்டைப் பையில் திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு இருக்கிறது. போனவர் வழியில் போகலாம். போனவராகப் போக முடியாது. இந்த இடைவெளியை மறைத்துக்கொண்டு, ‘அவர் பட்டதை நானும் பட்டேன்’ என்று சொல்லத் துணிகிறவன் இறந்தவருக்கு உரியதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறான். அன்பின் பெயரால் நிகழ்ந்தாலும் அது ஒருவகைக் களவே.

அப்படியானால் பயணம் வீணா? வீணன்று. இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை உணர்வதே அப்பயணத்தின் முதற்பயன். வீட்டில் இருந்தபடி, எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணுவது எளிது. அந்தப் பரந்த வெளியில், சரிந்து கிடக்கும் செங்கற்களின் முன்னால் நிற்கும்போதுதான் தனக்கு விளங்காதது எவ்வளவு என்பது விளங்கும். அந்த அறியாமை மனிதனை அடுத்த கேள்விக்குத் தள்ளுகிறது: என் தந்தையோடு அந்தப் பெட்டியில் இருந்த மற்றவர்கள் யார்?

பெயரும் முகமும்

தன் தந்தைக்காகத் தொடங்கிய தேடல் பிறர் தந்தைக்கான தேடலாக விரிந்தது என்பதே கிளார்ஸ்பெல்டின் வாழ்வில் நாம் கண்டு வியக்க வேண்டிய செய்தி. பாரிஸின் ஆவணக் காப்பகத்தில், மெல்லிய தாளில் படியெடுத்த நாடு கடத்தல் பட்டியல்கள் கிடந்தன. பல பக்கங்கள் மங்கிப்போயிருந்தன; பெயர்கள் பிழைபட்டிருந்தன. கொல்வதற்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியல்களை, நினைவுகூர்வதற்காக அவர் மீண்டும் எழுதினார். 1978-இல் வெளிவந்த பெருநூலில், பிரான்சிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதரின் பெயர்கள், பிறந்த நாளும் பிறந்த ஊரும் குறித்து, வண்டி வண்டியாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவர்களுள் உயிரோடு மீண்டவர் சுமார் 2,500 பேர் மட்டுமே. 61-ஆம் வண்டியின் பட்டியலில் ஆர்னோவின் பெயரும் இருக்கிறது; ஆயிரத்தில் ஒன்றாக, அகர வரிசையில், எவ்விதத் தனிச்சிறப்பும் இன்றி.

பெயருக்குப் பின் முகத்தைத் தேடினார். நாடு கடத்தப்பட்டோருள் 18 வயது நிரம்பாதவர்கள் 11,000-க்கும் மேற்பட்டோர். உறவினரிடமும் பழைய பள்ளித் தோழரிடமும் காப்பகங்களிலும் ஒவ்வொரு படமாகச் சேகரித்து, 1994-இல் அக்குழந்தைகளுக்கென ஒரு நினைவு நூலை வெளியிட்டார். 1996-இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் ஏறத்தாழ 2,500 குழந்தைகளின் நிழற்படங்கள் உள்ளன. அவை முகாமில் எடுத்த படங்கள் அல்ல. கடற்கரை மணலில் ஒரு சிறுமி, மிதிவண்டியைப் பிடித்தபடி ஒரு சிறுவன், பள்ளி வகுப்பின் வரிசை, தம்பியின் தோளில் கைபோட்ட அக்காள். நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் படங்கள் போன்றவையே. அதனாலேயே அவற்றைப் பார்த்துவிட்டு எளிதில் பக்கத்தைப் புரட்ட முடிவதில்லை.

யூத நினைவு நெடுங்காலமாகச் சொல்லையே சார்ந்து நின்றது. உருவம் சமைக்கலாகாது என்ற கட்டளை அம்மக்களைப் படத்தைவிட வாக்குக்கு நெருக்கமானவர்களாக ஆக்கியது. இறந்தவருக்காக மகன் செய்யும் மன்றாட்டும், ஆண்டு தோறும் ஏற்றும் விளக்கும், கல்லறைமேல் வைக்கும் சிறு கல்லும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. ஆனால் கல்லறையே இல்லாதவருக்குக் கல்லை எங்கே வைப்பது? இறந்த நாள் தெரியாதவருக்கு விளக்கை என்று ஏற்றுவது? இந்த வெறுமையில்தான் நிழற்படம் ஒரு புதிய கடமையை ஏற்றது. அழிந்துபோன ஊர்களின் எஞ்சிய மக்கள், தம் ஊருக்கென நினைவு நூல்களை எழுதி, கிடைத்த படங்களை அவற்றில் சேர்த்தனர். எருசலேமில் எழுந்த நினைவகம், எசாயா நூலின் 56-ஆம் அதிகாரத்திலிருந்து ‘யாத் வசேம்’ என்று பெயர் பெற்றது. மக்கட்பேறு அற்றோருக்கும் ஆண்டவர் தம் இல்லத்தில் ஓர் இடத்தையும் பெயரையும் தருவார் என்பது அவ்வாக்கின் கருத்து. பிள்ளைகளே அழிக்கப்பட்ட மக்களுக்கு இதைவிடப் பொருந்திய வாக்கு வேறு இருக்க முடியாது.

யாருடைய கண்?

நிழற்படத்தை நம்புவதில் ஓர் ஆழ்ந்த சிக்கலும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு கண் இருக்கிறது. அது யாருடைய கண் என்று கேட்காமல் படத்தைப் பார்ப்பது முறையாகாது.

கார்ப்பேத்திய மலைப் பகுதியைச் சேர்ந்த லிலி யாக்கோபு என்ற இளம்பெண், 1944 மே மாதம் தம் பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கிருந்து பல முகாம்களுக்கு மாற்றப்பட்டு, 1945 ஏப்ரலில், ஜெர்மனியின் டோரா முகாமில் விடுதலை பெற்றார். நோயுற்றிருந்த அவர், காவலர்கள் கைவிட்டு ஓடிய ஒரு கட்டடத்தில் குளிருக்கு ஆடை தேடியபோது, அலமாரியில் ஒரு படத்தொகுப்பைக் கண்டார். திறந்தால், அவருடைய ஊர் இரபி. அடுத்தடுத்த பக்கங்களில் அவருடைய சின்னஞ்சிறு தம்பியர் இருவர், இரயில் மேடையில், கையில் எதுவுமின்றி நின்றனர். ஒரு படத்தில் அவரே இருந்தார். ஆஷ்விட்ஸில் வண்டி வந்து நின்றது முதல் ஆட்களைத் தரம் பிரித்தது வரை நாத்சிக் காவற்படையினரே எடுத்து அடுக்கிய ஏறத்தாழ 200 படங்கள் அதில் இருந்தன. அக்குடும்பத்தில் உயிர் தப்பியவர் லிலி ஒருவரே. தம்பியரின் கடைசிப் படத்தை எடுத்தவர்கள், அவர்களைக் கொன்ற படையைச் சேர்ந்தவர்கள்.

அந்தப் படத்தை அக்காள் என்ன செய்வார்? எரிப்பதா? அணைத்துக்கொள்வதா? லிலி அதைப் பல ஆண்டுகள் தம்மோடு வைத்திருந்தார். நாட்டைவிட்டுப் பிழைக்கப் போனபோதும் எடுத்துச் சென்றார். உறவினரைத் தேடி வந்த ஊரார்க்கு, அவரவர் குடும்பத்தார் இருந்த சில படங்களைப் பிரித்துக் கொடுத்தார். பிராங்க்பர்ட் நகரில் 1960-களில் நடந்த ஆஷ்விட்ஸ் வழக்கில் அதைச் சான்றாகக் காட்டினார். கிளார்ஸ்பெல்ட் அவரைத் தேடிக் கண்டு வற்புறுத்தியதன் பயனாக, 1980-இல் அதை யாத் வசேமுக்கு வழங்கினார். கொலையாளி தன் பணியின் பெருமைக்காக எடுத்த படம், கொலையுண்டவரின் சாட்சியாயிற்று.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு தொகுதி உண்டு. ஆஷ்விட்ஸில் வந்திறங்கியோரிடம் பறித்த பொருள்களுள் ஏறத்தாழ 2,400 குடும்பப் படங்கள் போருக்குப் பின் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை பெஞ்சின், சொஸ்னோவியெட்ஸ் என்னும் போலந்து நகரங்களின் யூதக் குடும்பங்களுக்கு உரியவை. திருமணம், பனிச்சறுக்கு, பிறந்தநாள், காதலர் இருவர். சிறு மூட்டை மட்டுமே கொண்டுவரலாம் என்ற நிலையில், ரொட்டியோடும் கம்பளியோடும் இவற்றையும் மக்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். முதல் தொகுப்பு, கொல்பவன் அவர்களை எப்படிப் பார்த்தான் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, அவர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் காட்டுகிறது. முதலாவது நீதிமன்றத்துக்கு வேண்டும். ஆனால் அதை மட்டுமே பார்த்துப் பழகினால், அம்மக்களை என்றென்றும் பலியாட்களாகவே, கொலையாளியின் கண்ணாலேயே பார்ப்போம். கிளார்ஸ்பெல்ட் குழந்தைகளின் நூலுக்கு வீட்டுப் படங்களைத் தேடியதன் அறம் இதில் அடங்கியிருக்கிறது. மனிதர் இறைவனின் சாயல் என்று நம்புகிற நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும்.

படம் பொய் சொல்லுமா?

1942 ஜூலை 16, 17 ஆகிய இரு நாள்களில், பாரிஸ் காவல்துறையினர் ஏறத்தாழ 13,000 யூதரைக் கைது செய்தனர். அவர்களுள் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குடும்பங்களை ஒரு மிதிவண்டிப் பந்தய அரங்கில் அடைத்தனர். அந்த அரங்கினுள் எடுத்தது என்று ஒரு படம் நெடுங்காலம் நூல்களில் இடம்பெற்று வந்தது. பார்த்தோர் மனம் கசிந்தனர். 1983-இல் கிளார்ஸ்பெல்ட் உண்மையை வெளிப்படுத்தினார்: அப்படத்தில் இருப்போர் யூதரல்லர், 1944-இல் பாரிஸ் விடுதலையடைந்த பின், நாத்சிகளுக்குத் துணைபோனதாகச் சந்தேகிக்கப்பட்டு அதே அரங்கில் அடைக்கப்பட்டவர்கள்.

தம் மக்களின் துயரத்துக்குச் சான்றாக உலகம் ஏற்றிருந்த படத்தை, அம்மக்களுள் ஒருவரே விலக்கினார். நல்ல நோக்கத்துக்குத் துணைசெய்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் எண்ணவில்லை. பின்னர் அவர் தேடிக் கண்டெடுத்த உண்மையான படம் ஒன்றில், அரங்கின் வெளியே நிறுத்தப்பட்ட பேருந்துகளே தெரிகின்றன. கண்ணீரை வரவழைக்கும் காட்சி எதுவும் அதில் இல்லை. ஆனால் அது உண்மை. இறந்தோர்க்கு நாம் செலுத்தும் முதற்கடன் உண்மையே. கண்ணீர் அதற்குப் பின்னர்தான். பொய்யின்மேல் எழுப்பிய நினைவகம், மறுப்போர் கையில் முதற்கல்லை நாமே எடுத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

மறப்பதா, மன்னிப்பதா?

இவ்வளவு காலம் கடந்தும் பழம்புண்ணைக் கீறுவானேன் என்று கேட்போர் உண்டு. கிறிஸ்தவராகிய நாம் சற்று உயர்ந்த குரலில், மன்னிக்க வேண்டாமா என்றும் கேட்போம். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் யாரை யார் மன்னிப்பது? சைமன் வீசெந்தால் தம் ‘சூரியகாந்தி’ என்ற நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். சாகும் தறுவாயில் இருந்த நாத்சிப் படைவீரன் ஒருவன், முகாம் கைதியாக இருந்த அவரை அழைத்து, தான் யூதரைக் கொன்றதை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டான். அவர் எதுவும் பேசாமல் வெளியேறினார். கொல்லப்பட்டவர்களின் சார்பில் மன்னிக்கத் தமக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விட்டபாடில்லை.

எனக்கு இழைத்த தீங்கை நான் மன்னிக்கலாம்; மன்னிக்கவும் வேண்டும். பிறர்க்கு இழைத்த தீங்கை நான் மன்னிப்பது தாராளம் அன்று. பிறர் பணத்தில் செய்யும் தருமம் அது. மேலும், மன்னிப்பு என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதன்று. என்ன நடந்தது என்று தெரிந்தால்தானே மன்னிக்க முடியும்? காயினிடம் ஆண்டவர் முதலில் கேட்டது ஆபேல் எங்கே என்ற கேள்வியைத்தான். காயின் காக்கப்பட்டது அதற்குப் பின்னரே. மறதி மன்னிப்பின் உறவுபோல் தோன்றும். உண்மையில் அதன் எதிரி.

கிளார்ஸ்பெல்ட் பழி தீர்க்கவில்லை. பாரிஸ் நாடு கடத்தல்களுக்குப் பொறுப்பாயிருந்த குர்ட் லிஷ்கா, போருக்குப் பின் ஜெர்மனியின் கொலோன் நகரில் அச்சமின்றி வாழ்ந்து வந்தார். 1973-இல் கிளார்ஸ்பெல்ட் அவரைத் தெருவில் எதிர்கொண்டு துப்பாக்கியை நீட்டினார். அதில் குண்டு இல்லை. கொல்ல முடியும், ஆனால் கொல்லமாட்டோம், நீதிமன்றமே வேண்டும் என்பதே அதன் பொருள். 1980-இல் கொலோன் நீதிமன்றம் லிஷ்காவுக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. லியோன் நகரின் கொடியவர் கிளாவுஸ் பார்பி, 1987-இல் ஆயுள் தண்டனை பெற்றார்.

இத்தனைக்கும் உடன் நின்றவர் அவருடைய மனைவி பெயாட்டே. அவர் ஜெர்மானியப் பெண். படைவீரர் ஒருவரின் மகள். தந்தையர் காலத்துக் குற்றம் பிள்ளைகளின் குற்றம் ஆகாது. ஆனால் அதன் பின்விளைவுகளுக்கு முகங்கொடுக்கும் பொறுப்பு பிள்ளைகளுக்கு உண்டு. குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதை நூல்கள் வழியாகக் கற்பதைவிட, அந்த இருவர் சேர்ந்து நடத்திய இல்லறத்தில் தெளிவாகக் கற்கலாம்.

நீதி முழுமையாக நிறைவேறியதா என்றால், இல்லை. நீஸில் ஆர்னோவைப் பிடித்துச் சென்ற நடவடிக்கையின் தலைவர் புருன்னர் சிரியா நாட்டில் அடைக்கலம் பெற்றார். 2001-இல் பிரெஞ்சு நீதிமன்றம், அவர் முன்னிலையில் இல்லாமலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. அவர் ஒருநாளும் பிடிபடவில்லை. நீதி எட்டாத இடத்திலும் நினைவு எட்டும்; நினைவின் தேவையே அங்கேதான் மிகுதி.

நம் பங்கு

இந்த வரலாற்றைத் தொலைவில் நின்று பார்க்கும் உரிமை கத்தோலிக்கராகிய நமக்கு இல்லை. நீஸ் நகரிலேயே இரு பாடங்கள் இருக்கின்றன. அங்கே ஆயராயிருந்த பவுல் ரெமோன், மூசா அபாதி என்ற யூத இளைஞருக்குத் தம் ஆயரகத்திலேயே அறை ஒதுக்கி, போலி ஆவணங்கள் ஆயத்தம் செய்ய இடமளித்தார். அந்த வலைப்பின்னலால் 527 குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். தூலூஸ் பேராயர் சாலியேஜ், 1942 ஆகஸ்டில் யூதருக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கண்டித்து, மறைமாவட்டக் கோயில்களில் வாசிக்கும்படி மடல் விடுத்தார். பெருமைப்படத்தக்க பெயர்கள் இவை. ஆனால் இத்தகைய குரல்கள் சிலவே. பிரெஞ்சு ஆயர்கள், 1997 செப்டம்பர் 30-ஆம் நாள், அதே திரான்சி முகாமின் நினைவிடத்தில் நின்று, தம் முன்னோரான ஆயர்களில் மிகப் பலர் மௌனம் காத்ததைப் பாவம் என்று அறிக்கையிட்டு, இறைவனிடம் மன்னிப்பு வேண்டினர். யூத மக்கள் அதைக் கேட்கும்படி இறைஞ்சினர். மன்னித்தாக வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யூதரைப் பற்றிய பழைய பழிச்சொற்களை இரண்டாம் வத்திக்கான் சங்கம் விலக்கிய அறிக்கை, 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வெளியாயிற்று. 61-ஆம் வண்டி புறப்பட்டு இருபத்திரண்டு ஆண்டுகள் நிறைவுற்ற அதே நாள்.

இன்னொரு பாடம் நமக்குச் சற்றுக் கசப்பானது. 1984-இல் கார்மேல் சபைக் கன்னியர் சிலர், ஆஷ்விட்ஸ் முகாம் சுவரை ஒட்டிய ஒரு கட்டடத்தில் மடம் அமைத்தனர். இறந்தோர்க்காக மன்றாடுவதே அவர்கள் நோக்கம். அதில் ஐயம் இல்லை. ஆயினும் யூதர் மனம் புண்பட்டது. தம் மக்கள் இலட்சக்கணக்கில் யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்ட இடத்தின்மேல் இன்னொரு சமயம் தன் அடையாளத்தைப் பதிக்கிறது என்று அவர்கள் கண்டனர். பேச்சுவார்த்தைகள் நீண்டன. இறுதியில் 1993-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கன்னியர் அங்கிருந்து வெளியேறினர்.

செபிப்பது எப்படிக் குற்றமாகும் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பிறருடைய இறந்தோரை நம் மொழியிலேயே நினைத்து, நம் பொருளையே அவர்கள் சாவுக்கு ஏற்றினால், அவர்களை இரண்டாம் முறை இல்லாமற்செய்கிறோம். ஆர்னோ கிளார்ஸ்பெல்ட் கதவைத் திறந்ததைக் கேட்கும்போது, நண்பருக்காக உயிரைக் கொடுக்கும் அன்பைப் பற்றிய ஆண்டவரின் மொழி நம் நெஞ்சில் எழுவது இயல்பு. எழட்டும். ஆனால் அவர் ஒரு யூதத் தந்தையாகவே அந்தக் கதவைத் திறந்தார். அவரை அவராகவே இருக்க விடுவதும் அன்பின் ஒரு வகையே. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எருசலேமின் மேற்குச் சுவர் முன் நின்ற திருத்தந்தை, யூதரின் வழக்கப்படியே, மன்னிப்பு வேண்டும் ஒரு தாளைக் கற்களின் இடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் பேச்சு அங்கே மிகக் குறைவு.

போரைக் கண்ணால் கண்டவர்கள் ஏறத்தாழ மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டார்கள். இனி இந்நினைவைத் தாங்க வேண்டியவர்கள், காணாதவர்களும் அக்குடும்பங்களின் இரத்தத்தில் பிறவாதவர்களுமே. தந்தையைத் தேடிப் போனவர் தந்தையை மட்டும் கண்டு திரும்பியிருந்தால், அது ஒரு குடும்பத்தின் துயரமாக முடிந்திருக்கும். அவர் அந்தப் பெட்டியில் இருந்த மற்ற எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தார். அதனால்தான் 76,000 பேரின் பெயர்கள் இன்று பாரிஸில் கல்லில் பொறிக்கப்பட்டு நிற்கின்றன. அந்தச் சுவரின் முன் நிற்கும் எவரும், தமக்கு உறவான ஒரு பெயரைத் தேடிக் கண்டால், அதன் மேலும் கீழும் உள்ள பெயர்களையும் வாசித்தே தீர வேண்டியிருக்கிறது.